ஹெர்ட்ஸைக் கூட்டும் எதிரொலி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இலவச ப்ளகின்களைப் (ஒலி எடிட்டிங் மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் துணைக் கருவிகள்) பற்றிச் சொல்லும்போது 'வல்ஹல்லா ஃப்ரீக் எக்கோ'வுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தேன்: "எதிரொலி ஒவ்வொரு சுற்றிலும் சில ஹெர்ட்ஸ் நகர்ந்து வரும், சினிமாவுக்குச் சத்தம் செய்கிறவர்கள் அவசியம் போட்டுப் பாருங்கள்." வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. ரொம்ப சந்தோஷம். மற்ற கேள்விகள் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும், இந்த முறை இதையே பேசிவிடலாம்.

கேள்வி: என்னிடம் பிட்ச் ஷிஃப்டர் (சுருதியை ஏற்றி இறக்குவது) இருக்கிறது, டிலேயும் (எதிரொலி தருவது) இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் இதே சத்தம் வந்துவிடாதா? எதற்குத் தனியாக ஒன்று? (வாசகர், திருச்சி)

வராது. இரண்டு காரணம்.

முதலாவது கணக்கு. பிட்ச் ஷிஃப்டர் பெருக்குகிறது, ஃப்ரீக் எக்கோவுக்குள் இருக்கும் ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர் கூட்டுகிறது. ஐந்து கட்டை ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ், எளிதாக இருக்கட்டும் என்று 200 வைத்துக்கொள்வோம். வீணைத் தந்தியை அந்தச் சுருதியில் மீட்டினால் 200 மட்டும் வருவதில்லை, 400, 600, 800 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன, காது அத்தனையையும் ஒன்றாகக் கட்டி ஒரே சுரமாகக் கேட்கிறது. பிட்ச் ஷிஃப்டரில் ஏற்றினால் 230, 460, 690 ஆகும். மடங்கு உறவு கெடவில்லை, வேறு சுருதியில் அதே வீணை. ஃப்ரீக்வென்சி ஷிஃப்டரில் 30 ஹெர்ட்ஸ் வைத்தால் 230, 430, 630. இவை அடிச்சுரமான 230-இன் மடங்காக அமையாதவை. கீழே 200-க்கு அந்த 30 என்பது கீபோர்டில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் இரண்டு கட்டைக்கும் மேல், ஆனால் மேலே 2000-க்கு அதே 30 ஒரு கட்டையில் கால் பங்குதான். அடிப்பகுதி தூரமாக நகர்கிறது, உச்சி இருந்த இடத்திலேயே நிற்கிறது. அதனால்தான் தந்தி மணி மாதிரி ஒலிக்க ஆரம்பிக்கிறது.

இதில் ஒரு அழகான விதிவிலக்கு உண்டு. அதே தந்திக்குச் சரியாக 200 ஹெர்ட்ஸ் கூட்டினால் 400, 600, 800 வரும். எல்லாம் 200-இன் மடங்குகளே, அடிச்சுரம் மட்டும் காணாமல் போயிருக்கும். அதாவது சுருதியின் ஹெர்ட்ஸ் எண் தெரிந்தால் இந்தக் கருவியைச் சுருதி கெடாமலும் ஓட்டலாம்.

இரண்டாவது காரணம், ஷிஃப்டர் உட்கார்ந்திருக்கும் இடம். நீங்கள் அடுத்தடுத்துப் போட்டால் ஒரு முறை நகர்ந்த சத்தம் அப்படியே திரும்பத் திரும்ப எதிரொலிக்கும், அவ்வளவுதான். ஃப்ரீக் எக்கோவில் நகர்த்தும் வேலை ஃபீட்பேக் வளையத்துக்குள்ளேயே, அதாவது எதிரொலி திரும்ப உள்ளே போகும் பாதையிலேயே, நடக்கிறது. முதல் எதிரொலி 5 ஹெர்ட்ஸ் தள்ளி, அடுத்தது 10, அடுத்தது 15. ஒவ்வொரு சுற்றும் போன சுற்றின் மேல் ஏறி நிற்கிறது. இந்த ப்ளகினில் எனக்குப் பிடித்தது முழுக்க இதில்தான் இருக்கிறது.

கேள்வி: பறை ட்ராக்கில் போட்டேன், அட்டகாசமாக இருந்தது. அதே செட்டிங்கை மிருதங்கத்தில் போட்டால் தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கிறது. இரண்டும் தோல்தானே? (வாசகர், தஞ்சாவூர்)

உங்கள் காது நன்றாக வேலை செய்கிறது. தோல் ஒன்றுதான், ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாகக் கரணை இருக்கிறதே, அது செய்யும் வேலை சாதாரணமானதல்ல. வெறுமனே இழுத்துக் கட்டிய வட்டத் தோலை அடித்தால் அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் வரும். முழு எண்ணாக எதுவும் இல்லை, அதனால் சுரமாகக் காதில் படுவதில்லை. நடுவில் கரணை ஏற்றப்பட்டதும் அந்த அதிர்வுகள் 1, 2, 3 என்று தந்தியைப் போல வரிசைக்கு வந்துவிடுகின்றன. சி.வி. ராமன் இதைக் கவனித்து 1920-லேயே எழுதியிருக்கிறார். நம் கைவினைஞர்கள் கையால் தேய்த்துத் தேய்த்துக் கண்டுபிடித்த விஷயம் அது.

இப்போது ஷிஃப்டரை நினைத்துப் பாருங்கள். அது குலைப்பது மடங்கு உறவைத்தானே? பறையிடம் அந்த உறவே கிடையாது, அதனால் 40 ஹெர்ட்ஸ் நகர்த்தினாலும் காது அதை வேறு அளவில் செய்த இன்னொரு பறை என்று ஏற்றுக்கொள்கிறது. மிருதங்கத்தின் உயிரே அந்த உறவு. நகர்த்திய உடனே அது போய்விடுகிறது.

மிருதங்கத்துக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் ஷிஃப்டை 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே வையுங்கள், டிலே நீளமாக, ஃபீட்பேக் 30, 40 அளவில். இல்லையா, வலந்தலையை விட்டுவிட்டு இடது பக்கத் தொப்பியின் மைக்குக்கு மட்டும் போடுங்கள். மணி, எவர்சில்வர் பாத்திரம், சாவிக்கொத்து, கதவுத் தாழ்ப்பாள், மழை, காற்று, இவையெல்லாம் பறையின் கட்சி. எவ்வளவு வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

கேள்வி: குறும்படம் ஒன்றுக்குச் சத்தம் செய்கிறேன். ஊர்க் கோடியில் பாழுங்கிணறு, எட்டிப் பார்க்கும் பெண்ணுக்கு உள்ளே ஏதோ இருப்பது போலத் தோன்ற வேண்டும். எல்லோரும் போடும் ரிவெர்ப் (இடத்தின் முழக்கம்) வேண்டாம் என்கிறார் இயக்குநர். வழி சொல்லுங்கள் அண்ணா. (வாசகி, மதுரை)

இயக்குநர் சொன்னது சரி. ரிவெர்ப் போட்டால் கிணறு தெரியும், உள்ளே ஏதோ இருப்பது தெரியாது. நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன், எண்களை அப்படியே வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டு அப்புறம் உங்கள் காதுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மூலச் சத்தம். கிணற்றுக் கப்பி கயிறு இழுக்கும்போது கிறீச்சிடுமே, அது கிடைத்தால் போதும், இல்லாவிட்டால் பழைய இரும்புக் கேட்டின் கீல் போதும். ஃபோனை ஒரு சாண் தூரத்தில் வைத்து மெதுவாக இழுத்து ரெக்கார்டு பண்ணுங்கள். நீளமான கிறீச் வேண்டாம். அரை நொடி கிறீச், இரண்டு நொடி அமைதி, திரும்ப அரை நொடி. அந்த அமைதியில்தான் ப்ளகின் பேசப் போகிறது.

டிலே நேரத்தைக் கிணற்றிலிருந்தே எடுக்கலாம். முப்பது அடி ஆழத்தில் தண்ணீர் என்று வையுங்கள், ஒன்பது மீட்டருக்குக் கொஞ்சம் கூட. சத்தம் கீழே போய்த் தண்ணீரில் பட்டுத் திரும்ப 18 மீட்டர் பயணம், காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், ஆக 53 மில்லி செகண்ட். டிலேயை 53-இல் வையுங்கள். படம் பார்க்கிறவர் யாரும் இதைக் கணக்குப் போடப் போவதில்லைதான், ஆனால் அந்த நேரத்தில் வைத்தால் காது அதைக் குறுகலான ஆழமான இடம் என்று நம்பிவிடுகிறது, நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஷிஃப்ட் மைனஸ் 7 ஹெர்ட்ஸ். ஃபீட்பேக் 88. என்ன நடக்கிறது பாருங்கள்: ஒரு நொடியில் சத்தம் ஏறத்தாழ 19 முறை சுற்றி வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் 7 குறைகிறது, ஆக ஒரு நொடி கழிந்தால் எல்லாம் 130 ஹெர்ட்ஸ் கீழே. கிறீச்சில் 600-இல் இருந்த பகுதி 470-க்கு வந்துவிடும், நன்றாகவே காதில் படும் இறக்கம் அது. 2400-இல் இருந்த பகுதி 2270-க்குத்தான் வரும், அசைந்தது அவ்வளவாகத் தெரியாது. அதாவது ஒரே சத்தம் இரண்டாகப் பிரிகிறது, மேல் பாதி கிணற்று விளிம்பிலேயே நிற்கிறது, கீழ் பாதி மட்டும் உள்ளே இறங்கிப் போகிறது. பிட்ச் ஷிஃப்டரில் இது கிடைக்காது, அது எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் இறக்கும், கேசட் மெதுவாக ஓடுவது போல இருக்கும். அந்த ஒரு நொடிக்குள் சத்தத்தின் அளவும் சுமார் 21 டெசிபல் குறைகிறது, எனவே அது தானாகவே இருட்டுக்குள் கரைந்துவிடும், ஃபேட் எதுவும் போட வேண்டாம்.

அப்புறம் லோ கட், அதாவது வைத்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுவது. இதை மறந்துவிடாதீர்கள். மைனஸில் சுற்றச் சுற்ற எல்லாச் சத்தமும் கடைசியில் பூஜ்யத்தை நோக்கித்தான் போகும், போய் அங்கேயே தேங்கும். 5 ஹெர்ட்ஸில் இருப்பதிலிருந்து 7 கழித்தால் மைனஸ் 2, கருவி அதை 2 ஹெர்ட்ஸாகத் திருப்பித் தருகிறது, அடுத்த சுற்றில் அது 5, திரும்ப 2. வெளியே போக வழியில்லை. காதுக்கு எதுவும் கேட்காது, ஆனால் மீட்டர் ஏறிக்கொண்டிருக்கும், ஸ்பீக்கர் கோன் வெறுமனே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். லோ கட்டை 90-இல் வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. ஹை கட் 3500 பக்கம் வைத்தால் ஈரச் சுவரின் மங்கல் வந்துவிடும்.

பெண்ணின் வசனம் இருக்கிறதா? அதற்கு ட்ராக்கில் நேரடியாகப் போடாதீர்கள், சென்டில் (சத்தத்தின் நகலைத் தனி வழியில் அனுப்புவது) போடுங்கள். "யாரு அங்க?" என்று கேட்கிறாள் என்றால் 'யாரு'வை அனுப்ப வேண்டாம், 'அங்க' என்பதன் கடைசி அகரத்தை மட்டும் ஆட்டோமேஷனில் ஏற்றி அனுப்புங்கள். குரலுக்கு மைனஸ் 7 கொஞ்சம் அதிகம், மைனஸ் 2 அல்லது 3 போதும். கேள்வி அவள் குரலில் முடிந்து, வால் மட்டும் அவளுடையதல்லாத குரலாகக் கீழே போகும். அந்த இடத்தில் பின்னணி இசை எதுவும் வேண்டாம் என்று இயக்குநரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

கேள்வி: இருபது வருஷமாக மைக் செட் தொழில். எங்கள் மிக்ஸர் ஒன்றில் 'ஃப்ரீக்வென்சி ஷிஃப்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் மைக் கூவுவது நிற்கிறது. நீங்கள் சொல்வதும் அதுவும் ஒன்றா, வேறு வேறா? (வாசகர், திண்டுக்கல்)

ஒன்றேதான் ஐயா. சொல்லப்போனால் உங்கள் தொழிலில் அது ரொம்ப நாளாகவே உபயோகப்படுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1964-இல் இதைப் பற்றி எழுதினார். மைக்கில் வாங்கிய சத்தத்தை 5 ஹெர்ட்ஸ் மட்டும் நகர்த்தி ஸ்பீக்கருக்கு அனுப்பினால் கூவுவதற்கு முன் இன்னும் சில டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம் என்பதுதான் விஷயம்.

மைக் ஏன் கூவுகிறது என்பது உங்களுக்கே தெரியும். மண்டபத்துக்கு ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸ் பிடித்துப்போகிறது, அது ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கு, மைக்கிலிருந்து ஸ்பீக்கருக்கு என்று சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் பெருகுகிறது. மண்டபத்தின் ஒலியில் சில ஹெர்ட்ஸுக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று மாறி மாறி இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் 5 ஹெர்ட்ஸ் நகர்த்தினால் மேட்டில் பெருகியது அடுத்த சுற்றில் பள்ளத்தில் விழுந்து இளைத்துவிடுகிறது. ஒரே இடத்தில் நின்று பெருக முடிவதில்லை. பேச்சுக்கு இது நல்ல வழி. கச்சேரிக்கு அந்தப் பட்டனை அமுக்கிவிடாதீர்கள், நேராக வரும் நாதஸ்வரமும் ஸ்பீக்கரில் வரும் நகர்ந்த நாதஸ்வரமும் சேர்ந்து சுருதி ஆட ஆரம்பித்துவிடும்.

உங்கள் கேள்வியால் இன்னொன்றும் புரிய வைக்க முடிகிறது. ஃபீட்பேக்கை உச்சத்துக்குக் கொண்டு போனால் சாதாரண டிலே பெருகிப் பெருகி ஒரே இரைச்சலாக முட்டி நிற்கும். இதில் எதுவும் ஓரிடத்தில் நிற்க முடியாததால் சத்தம் பெருகிக்கொண்டே மேலே ஏறுகிறது, ஹை கட்டில் மோதி மடிகிறது, கீழே புதிதாக ஏதாவது உள்ளே வந்தால் அதுவும் கிளம்பி ஏறுகிறது. விண்கலம், சுழல், ஜுரக் கனவு, எல்லாம் இங்கேதான் கிடைக்கும். ஆனால் வளையத்துக்குப் பின்னால் சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்று கட்டாயம் போட்டிருக்க வேண்டும். ராத்திரி நேரத்தில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு லிமிட்டர் இல்லாமல் ஃபீட்பேக்கைத் தள்ளினேன் ஒரு தடவை, ஒரு நொடிதான், இடது காதில் மூன்று நாள் ரீங்காரம் நிற்கவில்லை. அந்த மூன்று நாளும் எனக்கு ஏற்பட்ட பயம் யாருக்கும் வர வேண்டாம். முதலில் ஸ்பீக்கரில் சின்னதாக வைத்துக் கேளுங்கள், ஹெட்ஃபோன் அப்புறம்.

கேள்வி: முடிவே இல்லாமல் மேலே ஏறிக்கொண்டே இருக்கும் சத்தம் சில படங்களில் கேட்கிறது. கேட்கக் கேட்க நெஞ்சு படபடக்கிறது. அதை இதில் செய்ய முடியுமா? (வாசகர், கொழும்பு)

நீங்கள் கேட்டது ஷெப்பர்ட் டோனாக இருக்கலாம். ரோஜர் ஷெப்பர்ட் என்ற மனவியல் அறிஞர் அதைப் பற்றி எழுதியதும் 1964-இல்தான், அவரும் அப்போது பெல் ஆய்வகத்தில்தான். அது ஒரு ஸ்தாயி இடைவெளியில் அடுக்கிய பல சுரங்களை ஒன்றாக ஏற்றி, உச்சிக்குப் போனதை மெல்ல மறைத்து, அடியில் புதிதாக ஒன்றை மெல்ல நுழைப்பது. அதே உணர்வின் இன்னொரு வடிவம் இந்த ப்ளகினில் கிடைக்கும், அதற்கு ஷிஃப்டை மிகச் சின்னதாக வைக்க வேண்டும்.

டிலே 10 மில்லி செகண்ட், ஷிஃப்ட் 0.5 ஹெர்ட்ஸ், மிக்ஸ் சரி பாதி, ஃபீட்பேக் 50. மூலத்துக்குக் காற்றோ அருவியோ தம்புராவோ, அடியிலிருந்து உச்சி வரை நிறைந்திருக்கும் எதுவும் சரி. அசல் சத்தமும் 10 மில்லி செகண்ட் பிந்திய சத்தமும் கலக்கும்போது 100 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாகச் சீப்புப் பல் போல மேடு பள்ளம் உண்டாகிறது. ஷிஃப்ட் அந்தச் சீப்பையே மேலே நகர்த்துகிறது, இரண்டு நொடிக்கு ஒரு பல் வீதம். ஒரு பல் போன இடத்துக்குக் கீழிருந்து அடுத்தது வந்துவிடுகிறது, அதனால் முடிவே தெரிவதில்லை. திருகாணியைத் திருப்பும்போது புரி மேலே ஏறுவது போலத் தெரியுமே, ஆணி இருந்த இடத்திலேயே இருக்கும், அந்த மாதிரி. மைனஸ் 0.5 வைத்தால் முடிவில்லாமல் இறங்கும்.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹரால்ட் போடே (1909–1987) இந்த வகைக் கருவிகளை எலெக்ட்ரானிக் இசைக்காகவே கட்டியவர், மூக் என்ற சிந்தசைஸர் கம்பெனி அவர் வடிவமைப்பில் ஷிஃப்டர் செய்து விற்றது. அன்றைக்குப் பெரிய ஸ்டூடியோக்கள்தான் வாங்க முடிந்தது. இன்றைக்கு விண்டோஸோ மேக்கோ இருந்தால் ஃப்ரீக் எக்கோ காசில்லாமல் கிடைக்கிறது. லினக்ஸ் வைத்திருக்கிறவர்கள் சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைஸரை இறக்கிக்கொள்ளுங்கள், அதன் எஃபெக்டுகளில் டிலேயும் ஃபீட்பேக்கும் சேர்ந்த ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர் ஒன்று இருக்கிறது, நன்றாகவே இருக்கும்.

கேள்வி: பாட்டின் தாளத்தோடு இதைச் சேர்க்க முடியுமா? (வாசகர், கோவை)

முடியும். டிலேயைத் தாளத்தோடு பூட்ட சிங்க் இருக்கிறது. ஷிஃப்டுக்கு நீங்களே கணக்குப் போட வேண்டும்: பிபிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை) 60-ஆல் வகுத்தால் ஒரு அடிக்கு ஒரு அலை வரும் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 90 பிபிஎம் பாட்டு என்றால் 1.5, இரண்டு அடிக்கு ஒரு அலை வேண்டுமென்றால் 0.75. அசலோடு கலந்து கேளுங்கள், பேடும் (நீண்டு ஒலிக்கும் சிந்தசைஸர் சுரம்) தம்புராவும் பாட்டோடு மூச்சு விடும்.

கேள்வி: இடது பக்கம் பிளஸ் 0.5, வலது பக்கம் மைனஸ் 0.5 என்று இரண்டு ஷிஃப்டர் போட்டேன். ஹெட்ஃபோனில் தலையைச் சுற்றி ஓடுகிறது, அற்புதம். ஆனால் ஃபோன் ஸ்பீக்கரில் சத்தம் விட்டு விட்டு வருகிறதே? (வாசகர், சேலம்)

உங்கள் ஃபோன் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கிறது போலிருக்கிறது. பிளஸ் 0.5-க்கும் மைனஸ் 0.5-க்கும் நடுவே 1 ஹெர்ட்ஸ் வித்தியாசம், சேர்த்தால் நொடிக்கு ஒரு முறை ஒன்றை ஒன்று முழுசாக அழித்துக்கொள்ளும். எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு குறும்படத்தில் மலை உச்சிக் காற்றை இப்படிச் செய்து கொடுத்தேன், திரையிட்ட ஹாலில் ஒற்றை ஸ்பீக்கர், நாயகி மௌனமாக நிற்கும் காட்சியில் காற்று நொடிக்கு நொடி அறுந்து அறுந்து வீசியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஸ்பீக்கர் வயர் லூஸ் என்று சொல்லி எழுந்து போய்ப் பார்த்தார்.

நகர்த்தாத அசல் சத்தத்தைப் பாதிக்கு மேல் நடுவில் வையுங்கள், அப்போது அறுபடாது, லேசாக அலையும், அது காற்றுக்குப் பொருத்தமாகவே இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக எதிர் எண் வைக்காமல் இடது 0.5, வலது மைனஸ் 0.13 என்று வைத்தால் அலையும் வேகம் குறையும். எதைச் செய்தாலும் ரெண்டர் போடுவதற்கு முன்பு மாஸ்டரில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும் மோனோ பட்டனை அமுக்கி முழுக் காட்சியையும் ஒரு தடவை ஓட்டிக் கேட்டுவிடுங்கள்.